'புல்லி' ஃபோர்ப்ஸ்: 60 நாள் சவாலும் தரைதட்டிய கப்பலும்

கேள்வி: லிவர்பூலிலிருந்து 60 நாளில் மெல்பர்ன் போய்க் காட்டுகிறேன் என்று சவால்விட்ட ஸ்காட்லாந்துக் கேப்டன் 'புல்லி' ஃபோர்ப்ஸ், கடைசியில் சீட்டாடிக்கொண்டே புத்தம்புதுக் கப்பலைத் தரைதட்ட விட்டார் என்கிறார்கள். அவர் நிஜமாகவே கெட்டிக்காரரா, வெறும் முரடரா? பாய்க்கப்பலில் அவ்வளவு வேகம் எப்படி வந்தது?

பதில்:

முரடர்தான், சந்தேகமே வேண்டாம். 'புல்லி' (அடாவடிக்காரன்) என்ற பட்டப்பெயர் சும்மா ஒட்டிக்கொண்டதில்லை. ஆனால் 100, 120 நாள் இழுத்துக்கொண்டிருந்த ஆஸ்திரேலியப் பயணத்தை வெறும் முரட்டுத்தனத்தால் 76 நாளுக்குக் கொண்டுவந்துவிட முடியாது. ஃபோர்ப்ஸின் வேகத்தில் பாதிக்கு மேல் கடல்வரைபடத்தில் இருந்தது, மீதி பாயை இறக்காத பிடிவாதத்தில் இருந்தது. நடுக்கடலில் இரண்டும் சேர்ந்து பேர் வாங்கிக் கொடுத்தன. கரைக்குப் பக்கத்தில் இரண்டுமே உதவவில்லை.

ஜேம்ஸ் நிக்கோல் ஃபோர்ப்ஸ் 1821-இல் அபர்தீனில் பிறந்தவர். அபர்தீன் அப்போது கப்பல் கட்டும் ஊர். அலெக்சாண்டர் ஹால் நிறுவனம் முன்பகுதியைச் சாய்வாக நீட்டிக் கட்டும் 'அபர்தீன் அணியம்' என்ற வடிவத்தைக் கொண்டுவந்தது அந்த ஊரில்தான் (அணியம் என்றால் கப்பலின் முன்முனை). 1839-இல் ஊரைவிட்டுக் கிளம்பிய ஃபோர்ப்ஸ் கிளாஸ்கோ வழியாக லிவர்பூல் போய்ச் சேர்ந்தபோது கையில் சல்லிக்காசு இல்லை. அங்கிருந்து படிப்படியாக ஏறிக் கேப்டனானார். அவர் ஏறிய காலமும் முக்கியமானது. 1850-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வணிகக் கப்பல் சட்டத்துக்கு முன்னால் கேப்டனாவதற்கு எந்தத் தேர்வும் கிடையாது, முதலாளி நம்பினால் போதும். அந்தச் சட்டம் வந்த பிறகு வெளிநாட்டுப் பயணம் போகும் கேப்டனுக்குக் குறைந்தது 21 வயது, ஆறு வருடக் கடல் அனுபவம், திசையறிவுத் தேர்வு எல்லாம் கட்டாயமாயின. ஆக, பழைய பாணியில் மேலே வந்தவர், புதிய பாணிக் கணக்கையும் கற்றுக்கொண்டவர் என்று அவரைச் சொல்லலாம். அந்தக் கலவைதான் அவரைப் பெரிய ஆளாக்கியது.

1851-இல் விக்டோரியாவில் தங்கம் கிடைத்த செய்தி பரவியதும் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு ஆள் ஏற்றிப்போகக் கப்பல் பற்றாக்குறை. லிவர்பூலில் ஜேம்ஸ் பெய்ன்ஸ் என்பவரின் பிளாக் பால் நிறுவனம் 1852-இல் ஒரு கனடியக் கப்பலை வாங்கியது. பெயர் மார்க்கோ போலோ. நியூ பிரன்ஸ்விக்கின் செயின்ட் ஜானில் ஜேம்ஸ் ஸ்மித் கட்டியது. 184 அடி நீளம், 1,625 டன், மூன்று தளம். இதைக் கிளிப்பர், அதாவது வேகத்துக்கென்றே ஒல்லியாகக் கட்டிய பாய்க்கப்பல், என்று எல்லோரும் எழுதுகிறார்கள். கறாராகப் பார்த்தால் அது மரம் ஏற்றக் கட்டிய, பெட்டிபோல வயிறு பெருத்த கப்பல். தண்ணீருக்குக் கீழே மட்டும் முன்னும் பின்னும் கூர்மையாகச் செதுக்கியிருந்தது. 1851-இல் கடலில் இறக்கும்போதே சேற்றில் சிக்கி அடிக்கட்டை கொஞ்சம் வளைந்துவிட்டது, அந்த வளைவால்தான் வேகமே வந்தது என்றுகூட ஒரு கதை உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வளைந்த அடிக்கட்டை கப்பலை வலுவிழக்கச் செய்யும், ஓடவைக்காது. பெய்ன்ஸ் அதைப் பயணிகள் கப்பலாக மாற்றி, அடிப்பாகத்துக்கு உலோகத் தகடு போர்த்தினார். தகடு போர்த்தாத மரத்தில் வெப்பக்கடலைத் தாண்டுவதற்குள் பாசியும் சிப்பியும் பிடித்துவிடும், வேகம் போய்விடும். கப்பலின் பொறுப்பு ஃபோர்ப்ஸிடம் வந்தபோது அவருக்கு 31 வயதுகூட நிரம்பியிருக்குமோ என்னவோ.

இனி அந்த வேகத்துக்கு வருவோம். முதலில் பாதை.

அந்தக் காலத்தில் கடற்படைத் தலைமையகம் சொன்ன வழி, ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனை வரை இறங்கி, அங்கிருந்து ஏறத்தாழ 39 பாகைத் தெற்கு அட்சத்தை ஒட்டியே கிழக்கே போவது. தட்டையான வரைபடத்தில் அது நேர்கோடு. ஆனால் பூமி உருண்டை. உருண்டையின் மேல் இரண்டு இடங்களுக்கு நடுவே குறைந்த தூரம் என்பது பெருவட்டத்தின், அதாவது உருண்டையைச் சரிபாதியாக வெட்டும் வட்டத்தின், ஒரு துண்டு. தட்டை வரைபடத்தில் பார்த்தால் அது தெற்கே தொங்கும் வில்போலத் தெரியும். லிவர்பூலில் திசையறிவுத் தேர்வாளராக இருந்த ஜான் டவ்சன் இதைக் கேப்டன்கள் கையில் பிடிக்கிற மாதிரி அட்டவணைகளாகப் போட்டுக் கொடுத்தார். முழுப் பெருவட்டத்தைப் பிடித்துப் போனால் அண்டார்க்டிகாவில் போய் முட்டும். அதனால் ஒரு எல்லை அட்சத்தை முதலிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். அதுவரை பெருவட்டத்தில் இறங்கி, அந்த எல்லையைத் தொட்டதும் அதே அட்சத்தில் கிழக்கே ஓடி, பிறகு மறுபடி பெருவட்டத்தில் மேலே ஏறவேண்டும். கலப்புப் பெருவட்டம் என்பது இதுதான்.

எவ்வளவு மிச்சம் என்று கேட்டால், ஒரு சின்னக் கணக்கு. நடுக்கோட்டில் ஒரு பாகைத் தீர்க்கம் 60 கடல் மைல். 39 பாகை அட்சத்தில் அது 46.6 மைலாகச் சுருங்கும், 50 பாகையில் 38.6 மைல். பாகைக்கு 8 மைல் லாபம். தெற்கு அட்லாண்டிக்கிலிருந்து ஆஸ்திரேலியா வரை 100 பாகைக்கு மேல் கிழக்கே போகவேண்டும் என்பதால், 800 மைல் வரை மிச்சம். கீழே இறங்கி மறுபடி ஏறுவதில் அதில் ஒரு பங்கு போகும். அது போகட்டும், தூரத்தைவிடப் பெரிய லாபம் காற்று. 40 பாகைக்குத் தெற்கே மேற்குக் காற்று வருடம் முழுக்க வீசும். 50 பாகைப் பக்கம் இன்னும் பலம், தடுக்க நிலமே இல்லை. ஆகவே ஃபோர்ப்ஸ் நன்னம்பிக்கை முனையை எட்டிக்கூடப் பார்க்காமல், அட்லாண்டிக்கில் பிரேசில் பக்கமாக இறங்கி, முனைக்கு வெகு தெற்கே கடந்து போவார். திரும்பி வரும்போதும் அதே மேற்குக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு, பசிபிக்கைக் கடந்து தென் அமெரிக்காவின் ஹார்ன் முனையைச் சுற்றி வருவார். ஒவ்வொரு பயணமும் பூமியை ஒரு சுற்று.

இதற்குக் கொடுக்கும் விலை குளிரும் பனிக்கட்டியும். கீழே போகப் போகத் தளம் முழுக்கத் தண்ணீர், பாய் பலகைபோல விறைத்துப்போகும், பயணிகள் வாரக்கணக்கில் கீழ்த்தளத்தை விட்டு வெளியே வர முடியாது. மிதக்கும் பனிமலைகள் இரவில் கண்ணுக்குத் தெரியாது. ஃபோர்ப்ஸே 1853-இல் இரண்டாம் முறை மார்க்கோ போலோவில் திரும்பியபோது பனிக்கட்டிகளுக்கிடையில் மாட்டிக்கொண்டு 95 நாள் ஆனது. அந்தப் பயணம் அவர் புகழ்பாடும் கட்டுரைகளில் பெரும்பாலும் வராது.

அடுத்தது பாய். ஃபோர்ப்ஸ் பாயை இறக்கவிடாமல் பாய்க்கயிறுகளுக்குப் பூட்டுப்போட்டு, கைத்துப்பாக்கியோடு தளத்தில் நிற்பார் என்ற கதையைப் படித்திருப்பீர்கள். அதே கதை இன்னும் சில கேப்டன்கள் பேரிலும் ஓடுகிறது என்பதால் பாதியைத் தள்ளிவிடலாம். ஆனால் கதைக்கு அடியில் இருக்கும் சங்கதி உண்மை, அதைப் புரிந்துகொண்டால்தான் இந்தத் தொழிலின் ஆபத்து புரியும்.

1850-களின் தொடக்கத்தில் ஒவ்வொரு பாய்மரத்திலும் கீழ்ப்பாய்க்கு மேலே ஒரே பெரிய மேற்பாய் இருக்கும். பிற்காலத்தில் அதை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். ஃபோர்ப்ஸின் கப்பல்களில் அது இன்னும் ஒற்றைத் துணி. காற்று ஏறினால் முதலில் பக்கவாட்டில் நீட்டிக் கட்டிய கூடுதல் பாய்கள் இறங்கும், பிறகு உச்சிப் பாய்கள், அதற்கப்புறம் இந்தப் பெரிய மேற்பாயைச் சுருக்க வேண்டும். 20, 30 ஆட்கள் குறுக்குக்கழியில் வயிற்றை அழுத்திப் படுத்துக்கொண்டு, காலடியில் ஒற்றைக் கயிற்றின் மேல் நின்று, ஈரத்தில் கல்லாகிப்போன துணியை விரலால் பிடித்து இழுத்து மடித்துக் கட்டவேண்டும். காற்று ஒரு அளவுக்குள் இருக்கும்வரை முடியும். அந்த அளவைத் தாண்டிவிட்டால் துணி உப்பி நிற்கும், யாராலும் மடிக்க முடியாது. அப்புறம் ஒன்று பாய் கிழியவேண்டும், இல்லை கழி முறியவேண்டும். கப்பலைக் காற்றுக்குத் திருப்பி நிறுத்தவும் முடியாது. திரும்பும் நேரத்தில் பின்னாலிருந்து வரும் அலை பக்கவாட்டில் அறைந்து கவிழ்த்துவிடும். எனவே 'இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம்' என்று பாயை வைத்துக்கொள்ளும் கேப்டன் ஒரு வழிப்பாதையில் போகிறார். காற்று தணியும்வரை ஓடியே தீரவேண்டும். துணை அதிகாரிகளெல்லாம் 'இப்பவே இறக்கிடலாம்' என்று கெஞ்சிய இடத்தைத் தாண்டியும் நின்றவர் ஃபோர்ப்ஸ். எங்கே நிறுத்துவது என்று தெரிந்தே நின்றார் என்பதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். 

முதல் பயணத்தின் கணக்கைப் பாருங்கள். 1852 ஜூலை 4-ஆம் தேதி லிவர்பூலில் கிளம்பியது, கிட்டத்தட்ட 930 குடியேறிகள். செப்டம்பர் 18-ஆம் தேதி மெல்பர்னின் போர்ட் பிலிப்பில் நுழைந்தது. பல இடங்களில் 68 நாள் என்று எழுதியிருக்கும். தேதியை விரல்விட்டு எண்ணினால் 76 நாள். தெற்குக் கடலில் அடுத்தடுத்த நான்கு நாளில் 1,344 மைல், அதில் ஒரே நாளில் 364. சராசரியாக 14 நாட், அதாவது மணிக்கு 14 கடல் மைல். அதே வழியில் போன 'ஆஸ்திரேலியா' என்ற நீராவிக் கப்பலைவிட ஒரு வாரம் முன்னால் போய்ச் சேர்ந்தது. இந்தப் பெருமைக்கு நடுவே ஒன்றை மறைக்கக்கூடாது: கப்பலில் தட்டம்மை பரவி 50-க்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். வேகமாகப் போனதால் இறப்பு குறைந்தது என்று வாதிடலாம், நாள் கூடியிருந்தால் இன்னும் பரவியிருக்கும். ஆனால் அத்தனை குழந்தைகளை ஒரே மரக்கூட்டுக்குள் அடைத்ததே நிறுவனத்தின் லாபக் கணக்குதான்.

மெல்பர்னில் அப்போது விசித்திரமான நிலைமை. துறைமுகத்தில் கப்பல்கள் வரிசையாக நிற்கின்றன, ஓட்ட ஆளில்லை. மாலுமிகள் எல்லோரும் தங்கவயலுக்கு ஓடிவிட்டார்கள். கேப்டன்கள் கேட்ட சம்பளத்தைத் தருகிறேன் என்றாலும் ஆள் கிடையாது. ஃபோர்ப்ஸ் என்ன செய்தார் தெரியுமா? துறைமுகத்தில் நுழைந்த கையோடு தன் மாலுமிகள்மேல் கீழ்ப்படியாமைக் குற்றம் சுமத்தி மொத்தமாகச் சிறையில் போட்டுவிட்டார். புறப்படும் நாளன்று சிறையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து கப்பலில் ஏற்றினார். நியாயமா என்று கேட்டால் இல்லை. ஆனால் 23 நாளில் சரக்கு இறக்கி, ஏற்றி, அக்டோபர் 11-ஆம் தேதி கிளம்ப முடிந்தது அவர் ஒருவரால்தான். டிசம்பர் 26-ஆம் தேதி லிவர்பூல், மறுபடி 76 நாள். மொத்தம் 175 நாளில் பூமியைச் சுற்றி வந்துவிட்டார். ஒரு லட்சம் பவுண்டு மதிப்புள்ள பொன்தூளும் கப்பலில் இருந்தது. இன்னும் அவர் ஆஸ்திரேலியாவுக்கே போய்ச் சேர்ந்திருக்கமாட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்த பெய்ன்ஸ், கப்பல் வந்துவிட்டதென்று சொன்னவர்களை நம்பவில்லையாம். பாய்மரங்களுக்கிடையே 'உலகிலேயே வேகமான கப்பல்' என்று எழுதிய துணியைக் கட்டித் தொங்கவிட்டபிறகு யாரும் சந்தேகப்படவில்லை.

அந்தத் துணிதான் அவருக்குச் சனியாகவும் வந்தது என்பேன். அடுத்த பயணத்துக்கு முன்னால் 'போன தடவை உலகத்தை வாய்பிளக்க வைத்தேன், இந்தத் தடவை ஆண்டவனையே வாய்பிளக்க வைக்கிறேன்' என்கிற பாணியில் பயணிகளிடம் பேசினாராம். வார்த்தைக்கு வார்த்தை அப்படியே சொன்னாரா என்பது இருக்கட்டும். அதிலிருந்து நாள் எண்ணிக்கை என்பது விளம்பரமாகிவிட்டது, பயணச்சீட்டு விற்கும் சரக்காகிவிட்டது.

1854-இல் பெய்ன்ஸ் அவருக்குக் கொடுத்த கப்பல் 'லைட்னிங்'. அமெரிக்காவின் பாஸ்டனில் டொனால்ட் மெக்கே கட்டிய அசல் கிளிப்பர், 244 அடி நீளம், முன்பகுதி கத்திபோல. ஃபோர்ப்ஸ் பாஸ்டனுக்கே போய் அதை எடுத்துக்கொண்டு வந்தார். கட்டியவரின் தம்பி லாக்லன் மெக்கேயும் கூடவே வந்தார். மார்ச் 1-ஆம் தேதிக் குறிப்பில் 436 கடல் மைல் என்று இருக்கிறது. பாய்க்கப்பல் ஒரு நாளில் ஓடிய தூரங்களில் இது இன்றைக்கும் பேசப்படுகிற எண்.

இந்த எண்ணை எப்படி அளந்தார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் இணையத்தில் ஆளுக்கொரு வேகம் சொல்கிறார்கள். கப்பலின் பின்புறத்திலிருந்து முக்கோணப் பலகை ஒன்றைக் கயிற்றில் கட்டி எறிவார்கள். பலகை தண்ணீரில் நின்றுகொள்ளும், கப்பல் முன்னே போகப் போகக் கயிறு உருளையிலிருந்து அவிழும். கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. 28 வினாடி மணற்குடுவையைக் கவிழ்த்து, அது தீருவதற்குள் எத்தனை முடிச்சு கைவழியே போயிற்று என்று எண்ணினால் அதுவே மணிக்கு அத்தனை கடல் மைல். 'நாட்' என்ற பெயரே அந்த முடிச்சிலிருந்து வந்தது. வேகம் அதிகமென்றால் 14 வினாடிக் குடுவையை வைத்து, எண்ணிக்கையை இரட்டிப்பார்கள். தவறு நேர இடம் நிறைய: ஈரத்தில் கயிறு நீளும் சுருங்கும், குளிரில் மணல் மெதுவாக இறங்கும், பின்அலை பலகையைத் தள்ளிவிடும். அன்று லைட்னிங்கில் 18 முதல் 18½ முடிச்சு வரை எண்ணியிருக்கிறார்கள். முன்மேற்பாய் பிய்த்துக்கொண்டு போய்விட்டது, காற்றுக்கு எதிர்ப்பக்கத் தளவிளிம்பு தண்ணீருக்குள் மூழ்கி ஓடியது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. கடலில் 'ஒரு நாள்' என்பது சூரியன் உச்சிக்கு வருவதிலிருந்து மறுநாள் உச்சிக்கு வருவது வரை. கிழக்கே ஓடும் கப்பலுக்குச் சூரியன் சீக்கிரமே உச்சிக்கு வந்துவிடும். அந்த வட அட்சத்தில் 436 மைல் கிழக்கே என்றால் ஏறத்தாழ 12 பாகை, அதாவது முக்கால் மணிக்கு மேல் நாள் குறையும். அந்த 'நாள்' 23¼ மணி நேரம்தான் இருந்திருக்கும். மேற்கே ஓடும் கப்பலோடு ஒப்பிடும்போது இதை மறந்துவிடுகிறார்கள்.

லைட்னிங்கில் லிவர்பூலிலிருந்து மெல்பர்னுக்கு 77 நாள். அது ஒன்றும் பெரிய விஷயமில்லை, பாதி வழி காற்றே இல்லை. திரும்பியதுதான் பேச்சு: 1854 ஆகஸ்ட் 20-இல் மெல்பர்னை விட்டு அக்டோபர் 23-இல் லிவர்பூல், 64 நாள். அதற்குப் பிறகு ஃபோர்ப்ஸ் அந்தக் கப்பலைவிட்டு இறங்கினார். அடுத்து வந்த ஆண்டனி என்ரைட் அதே கப்பலை நிதானமாக, கூச்சலில்லாமல் ஓட்டினார், பயணிகளுக்கு அவரைத்தான் பிடித்தது. மார்க்கோ போலோவில் ஃபோர்ப்ஸின் கீழே துணை அதிகாரியாக இருந்த சார்லஸ் மெக்டானல், 'ஜேம்ஸ் பெய்ன்ஸ்' என்ற கப்பலில் 63 நாளில் மெல்பர்ன் போய்ச் சேர்ந்தார். குருவின் 60 நாள் வாக்குக்கு யாராவது கிட்டே போனார்கள் என்றால் அது சிஷ்யன்தான்.

இப்போது கேள்வியின் இரண்டாம் பாதி, தரைதட்டிய 'ஷோம்பெர்க்' கப்பல்.

லிவர்பூல் கம்பெனிகள் அமெரிக்காவிலும் கனடாவிலும் கப்பல் வாங்கிக்கொண்டிருந்தபோது, அபர்தீனின் ஹால் நிறுவனம் தன்னாலும் முடியும் என்று காட்டக் கட்டிய கப்பல் இது. 1855 ஏப்ரலில் கடலில் இறங்கியது. 2,000 டன்னுக்கு மேல், 247 அடி நீளம், குறுக்கும் மறுக்குமாகப் பலகை அடுக்கி இறுக்கிய உடல், செலவு 43,000 பவுண்டுக்கு மேல். சொந்த ஊர்க் கப்பல், சொந்த ஊர்க் கேப்டன். அக்டோபர் 6-ஆம் தேதி லிவர்பூலை விட்டபோது '60 நாளில் மெல்பர்ன்' என்று கொடிச்சைகை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். சுமார் 430 பயணிகள். அடியில் இரும்புத் தண்டவாளங்கள் உட்படக் கனத்த சரக்கு. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: தண்டவாளம் அதிகக் கனம், குறைந்த இடம். கப்பல் ஆழமாக அமிழும், கனமாக உருளும், சொன்ன சொல்லுக்கு உடனே திரும்பாது.

காற்று கைகொடுக்கவில்லை. நடுக்கோட்டை எட்டுவதற்குள்ளேயே 60 நாள் சவால் செத்துவிட்டது. கிறிஸ்துமஸ் அன்று விக்டோரியாவின் பிரிட்ஜ்வாட்டர் முனை தெரிந்தபோது 80-ஆவது நாள். மெல்பர்ன் கிழக்கே இருக்கிறது, காற்றும் கிழக்குப் பக்கத்திலிருந்து முகத்தில் அடிக்கிறது. ஆகவே கோணல்மாணலாக, கரைப்பக்கம் கொஞ்சம், கடல்பக்கம் கொஞ்சம் என்று மாறி மாறித்தான் போகவேண்டும்.

டிசம்பர் 26 இரவு கப்பல் கரைப்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. பயணிகள் பிறகு சொன்னபடி, ஃபோர்ப்ஸ் கீழே அறையில் சீட்டாட்டத்தில் இருந்தார், தோற்றுக்கொண்டும் இருந்தார். கரை நெருங்கிவிட்டது என்று துணை அதிகாரி வந்து சொன்னபோது, 'இன்னொரு ஆட்டம் முடியட்டும்' என்றார். மேலே வந்தபோது காற்று செத்திருந்தது, நீரோட்டம் கரைப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.

இங்கே என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். சதுரப்பாய்க் கப்பலால் காற்று வரும் திசைக்கு 67 பாகைக்குள் நெருங்க முடியாது. பக்கம் மாற்ற இரண்டு வழி. முதல் வழி, அணியத்தைக் காற்றுக்கு நேரே கொண்டுபோய் அந்தப்பக்கம் திருப்புவது. இதற்கு ஓட்டம் வேண்டும். திரும்பும் அந்த ஓரிரு நிமிடத்தில் பாய்கள் பின்பக்கமாக அடித்துக் கப்பலை நிறுத்தப் பார்க்கும், சேர்த்துவைத்த ஓட்டம்தான் அணியத்தைத் தாண்டவைக்கும். காற்று மெலிந்து, கப்பல் கனத்து, நீரோட்டமும் பக்கவாட்டில் தள்ளினால் அணியம் பாதியில் நின்றுவிடும், பிறகு கப்பல் பழைய பக்கத்துக்கே சரிந்து விழும். இரண்டாவது வழி, எதிர்ப்பக்கமாக, காற்றைப் பின்னுக்கு வாங்கி முழு வட்டமாகச் சுற்றுவது. இது தப்பாது, ஆனால் இடம் நிறைய வேண்டும், அதுவும் காற்று தள்ளும் பக்கத்தில், அதாவது கரை இருக்கும் பக்கத்தில். ஃபோர்ப்ஸ் முதலில் முதல் வழியில் முயன்றார், கப்பல் திரும்ப மறுத்தது. இரண்டாவது வழியில் சுற்ற ஆரம்பித்தார், சுற்றிக்கொண்டிருக்கும்போதே மணல்திட்டில் ஏறிவிட்டது. ஓட்வே முனைக்கு மேற்கே ஏறத்தாழ 35 மைல், இன்றைய பீட்டர்பரோவுக்கு எதிரே.

'நாசமாய்ப் போகட்டும், கரையில் ஏறியதும் சொல்லு' என்று சொல்லிவிட்டுக் கீழே போனார் என்பது பயணிகளின் சாட்சியம். நான் அதைவிட அந்த அரைமணி நேரத்தைத்தான் குற்றமாக எடுப்பேன். ஒரு ஆட்டத்துக்கு முன்னால் கப்பலில் இன்னும் ஓட்டம் இருந்தது, இடமும் இருந்தது. நடுக்கடலில் 'இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம்' என்பது மைல்களாகத் திரும்பி வந்த பழக்கம், கரையோரத்தில் மைல்களைத் தின்றுவிட்டது. தெற்குக் கடலில் சுற்றிலும் ஆயிரம் மைல் தண்ணீர். இங்கே மூன்று மைல்.

அலை லேசாக இருந்ததால் கப்பல் உடனே உடையவில்லை. விடிந்ததும் 'குயின்' என்ற கரையோர நீராவிக் கப்பல் தற்செயலாக அந்தப்பக்கம் வந்தது, எல்லாப் பயணிகளையும் ஏற்றிக்கொண்டது. ஒரு உயிர்கூடப் போகவில்லை. மெல்பர்னில் பயணிகள் பொதுக்கூட்டம் போட்டு, சாப்பாட்டிலிருந்து கேப்டனின் ஒழுக்கம் வரை எல்லாவற்றையும் கிழித்தார்கள். வழக்கு நீதிமன்றம் போனது. அந்த மணல்திட்டு வரைபடத்தில் குறிக்கப்படாதது என்பது அவருக்குத் துணையாக நின்றது, விடுதலை ஆனார். சட்டப்படி சரிதான் என்று நினைக்கிறேன். திட்டு குறிக்கப்படவில்லை என்பது உண்மை. ஆனால் இரவில், செத்த காற்றில், கனத்த கப்பலோடு கரைக்கு அவ்வளவு கிட்டே இருக்கக்கூடாது என்பதற்கு வரைபடம் தேவையில்லை.

பிளாக் பால் அதற்குப் பிறகு அவருக்குப் பெரிய கப்பல் எதுவும் கொடுக்கவில்லை. 1857-இல் 'ஹேஸ்டிங்ஸ்' என்ற கப்பல் கிடைத்தது, 1859-இல் அந்தக் கப்பலையும் இழந்தார். 1862 முதல் 1866 வரை 'ஜெனரல் விண்டம்' கப்பலில் கேப்டன். தொழில்தெரிந்த ஆள், கப்பலை ஒழுங்காக ஓட்டினார். அந்தப் பழைய வீச்சு மட்டும் இல்லை. மற்றவர்கள் அவர் போட்ட பாதையிலேயே, கொஞ்சம் முன்னதாகவே பாயை இறக்கி, ஏறத்தாழ அதே நாள் கணக்கில் போய் வந்துகொண்டிருந்தார்கள். 1874-இல் லிவர்பூலில் இறந்தபோது வயது 52 அல்லது 53.

கப்பல்களின் கதியையும் சொல்லிவிடுகிறேன், அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும். லைட்னிங் 1869-இல் விக்டோரியாவின் ஜீலாங்கில் கம்பளி ஏற்றிக்கொண்டிருக்கும்போது எரிந்து போனது. மார்க்கோ போலோ கிழடாகி, மரம் ஏற்றிக்கொண்டு ஒழுகி ஒழுகி, 1883-இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் கேவெண்டிஷ் கரையில் ஏற்றப்பட்டது. ஷோம்பெர்க்கின் மிச்சம் பீட்டர்பரோவுக்கு எதிரே இன்னும் கடலடியில் கிடக்கிறது. 1975-இல் அதிலிருந்து எடுத்த ஒரு வைர மோதிரம் வாரணம்பூலின் ஃபிளாக்ஸ்டாஃப் ஹில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஃபோர்ப்ஸின் கல்லறை லிவர்பூலின் ஸ்மித்டவுன் ரோடு இடுகாட்டில். கல்லில் அவர் பெயருக்குக் கீழே, புகழ்பெற்ற மார்க்கோ போலோவின் கேப்டன் என்று செதுக்கியிருக்கிறார்கள்.